இராமச்சந்திரன் படம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று நண்பர்கள் கேட்டபோது, இராமச்சந்திரன் படத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். விடுதியே சிரித்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தாத்தாவிடமும் அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, எந்தப் படம், நாடோடி மன்னனா, எங்க வீட்டுப் பிள்ளையா என்று ஆவலோடு கேட்டார். தமிழ் நாட்டில் இராமச்சந்திரன் என்று சொன்னால் நினைவுக்கு வருபவர் ஒருவர்தான். அதில் தாத்தாவின் குற்றம் ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது இன்னோர் இராமச்சந்திரனை. அவருடைய படத்தில் பாட்டு இல்லை, சண்டை இல்லை, கதாநாயகி இல்லை. ஒரு சதுரம், அதற்குள் தீவுகளைப் போல இரண்டு மூன்று திட்டுகள், அவ்வளவுதான். உலகத்தில் எந்த மூலையில் உயிர் வேதியியல் படிப்பவரானாலும் அந்தப் படத்தைப் பார்க்காமல் பட்டம் வாங்க முடியாது. அதை வரைந்தவர் சென்னைக் கிண்டியில் பணியாற்றிய ஒரு பேராசிரியர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. சென்ற ஆண்டு வரை எனக்கும் தெரியாது.

சென்ற பருவத்தில் எங்கள் துறையில் மாணவர் கருத்தரங்கு நடந்தது. ஆளுக்கு ஓர் இந்திய விஞ்ஞானியை எடுத்துக்கொள்ள வேண்டும். கோட்பாட்டு வேதியியலில் அவர் செய்த ஆய்வுகள் யாவை, அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும். இந்த மேற்கோள் கணக்கைப் பற்றி முதலாண்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர், தாம் யாருடைய கண்டுபிடிப்பைப் பயன்படுத்திக்கொண்டாரோ அவருடைய கட்டுரையைக் கடைசிப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும். கலியாண வீட்டில் மொய் நோட்டில் பெயர் எழுதி வைப்பது போல என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட கடைசிப் பக்கங்களையெல்லாம் ஒன்று திரட்டி, யார் கட்டுரை எத்தனை முறை குறிக்கப்பட்டது என்று தேடிப் பார்க்கும் அட்டவணையை அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்ட் என்பவர் 1964-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டார். இன்று கணிப்பொறி அதை நொடியில் எண்ணிக் கொடுத்துவிடுகிறது. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் பரிசுக்கும் இந்த எண்ணைக் கேட்கிறார்களாம். நமக்கு வருகைப் பதிவு எப்படியோ, ஆய்வாளர்களுக்கு இது அப்படி.

எனக்குக் கணக்கு வரும். ஆகவே எளிய வேலை என்று எண்ணி, ஜி.என். இராமச்சந்திரன் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் பெயருக்கு எதிரே, படித்த இடம் திருச்சி என்று இருந்ததுதான் காரணம். பெரம்பலூர் 1995-இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தின் ஊர்கள். அந்தக் கணக்குப்படி அவர் நம் மாவட்டத்தில் படித்தவர் என்று சொந்தம் கொண்டாடினேன். அவர் இயற்பியல் பேராசிரியர் ஆயிற்றே, வேதியியல் கருத்தரங்கில் எப்படிச் சேர்ப்பது என்று ஒரு கேள்வி எழுந்தது. அவருடைய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே புறவெளி வேதியியல் என்ற சொல் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். அனுமதி கிடைத்தது.

ஜி என்பது கோபாலசமுத்திரம். திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஊர். குடும்பத்தின் பூர்வீகம் அது. அவர் பிறந்தது 1922 அக்டோபர் 8-ஆம் நாள், எர்ணாகுளத்தில். தந்தை நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணிதம் அவருக்கு வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்தது. (எனக்குப் பின்ன வகுத்தல் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஊர்ச் சத்துணவு அமைப்பாளர். என் தந்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.) பிறகு திருச்சி தூய வளனார் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் இயற்பியல். 1942-இல் சென்னைப் பல்கலைக் கழகத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அப்துல் கலாம் அவர்கள் இயற்பியல் பட்டம் பெற்றதும் அதே கல்லூரியில்தான். அரியலூர் நிலையத்தில் திருச்சி வண்டிக்குக் காத்திருக்கும்போதெல்லாம், வேட்டி கட்டிய ஓர் இளைஞர் புத்தக மூட்டையோடு இந்தப் பாதையில் சென்னைக்குப் போயிருப்பார் என்று நானாகக் கற்பனை செய்துகொள்வதுண்டு. ஆதாரம் கேட்காதீர்கள்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் முதலில் சேர்ந்தது மின் பொறியியல் துறையில். அங்கே இயற்பியல் துறையை நடத்திக்கொண்டிருந்தவர் சர் சி.வி. இராமன். இந்தப் பையன் பொறியியலுக்கு வேண்டியதற்கு மேல் கெட்டிக்காரன் என்று சொல்லித் தம் துறைக்கே இழுத்துக்கொண்டார். இராமனிடம் பயின்று 1947-இல் டி.எஸ்ஸி. பட்டம், பிறகு கேம்பிரிட்ஜில் இரண்டு ஆண்டு, அங்கே ஒரு பிஎச்.டி.; 1949-இல் மீண்டும் பெங்களூர். இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடுகிறேன். பட்டங்கள் பெற்ற கதை எல்லா விஞ்ஞானிகளுக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

1952-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் இயற்பியலுக்குத் தனித்துறை அமைத்தார்கள். துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அந்தப் பதவியை இராமனுக்குத்தான் கொடுக்க விரும்பினார். இராமன் தமக்கு வேண்டாம் என்று கூறித் தம் மாணவர் பெயரைச் சொன்னார். முப்பது வயதுக்காரர் ஒருவர் கிண்டியில் துறைத் தலைவராக வந்து அமர்ந்தது இப்படித்தான். கட்டடமும் புதிது, கருவிகளும் அப்போதுதான் வரத் தொடங்கின. அந்த நேரத்தில் ஜே.டி. பெர்னால் என்ற விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். இராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் நம் உடம்பில் மிகுதியாக உள்ள புரதம். தோல், எலும்பு, தசையை எலும்போடு கட்டும் தசைநாண், எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆட்டுத்தோல் பதப்பட்டுத் தோலாவதற்கும், எலும்பைக் காய்ச்சினால் பசை வருவதற்கும் அதுவே காரணம். கிண்டியில் பல்கலைக் கழகத்துக்கு அடுத்த வீடு போல மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஆய்வுக்குப் பயன்பட்ட பொருள்களில் ஒன்று கங்காரு வாலின் தசைநாண்! அதன்மேல் எக்ஸ்-கதிர்களைப் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். எக்ஸ்-கதிர்ப் படத்தில் மூலக்கூறு நேராகத் தெரியாது. சில புள்ளிகளும் கறைகளும்தான் தெரியும். மூலக்கூறு இப்படி இருக்கலாம் என்று ஓர் உருவத்தை ஊகித்து, அது இந்தக் கறைகளைக் கொடுக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இராமச்சந்திரனும் அவரோடு பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் அப்படிப் பார்த்து, 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்றது அக்கட்டுரை. அதில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நின்றன. மறு ஆண்டு அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றியிருக்கின்றன என்று எழுதினார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது விளங்கவில்லை. தாத்தாவின் கையைப் பார்த்தபோது விளங்கிற்று. எங்கள் ஊர் குன்னம் வட்டத்தில் ஒரு கரிசல்காட்டுச் சிற்றூர். தாத்தா புளிச்சை நாரில் மாட்டுக் கயிறு திரிப்பார். ஒவ்வொரு புரியையும் முதலில் ஒரு பக்கமாக முறுக்குவார். பிறகு மூன்று புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக முறுக்கினால் கையை எடுத்தவுடன் கயிறு பிரிந்துவிடும். எதிரெதிராக முறுக்கினால் ஒரு முறுக்கு மற்றதைப் பிடித்துக்கொள்ளும்; மாடு இழுக்க இழுக்க இறுகும். கொலாஜனில் தனிச் சங்கிலி ஒவ்வொன்றும் இடப்புறமாகச் சுருண்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்புறமாகச் சுற்றியிருக்கின்றன. நம் தசைநாண் அறுந்துபோகாமல் மூட்டை சுமப்பது இந்த முறுக்கினால்தான். இந்த மூன்று புரியும் நெருங்கி நிற்க வேண்டுமானால் நடுவில் இடம் போதாது. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வருகிறது. அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அது.

சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றும் கருத்து இராமச்சந்திரனுக்கு நிலவிலிருந்து கிடைத்ததாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். நிலவு பூமியைச் சுற்றி வரும்போதே தானும் சுழன்று, எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறதல்லவா? அதுபோல. தாத்தாவிடம் கேட்டிருந்தால் நிலவு வரைக்கும் போக வேண்டியிருந்திராது.

இனித்தான் தகராறு. அதே 1955-இல் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச், ஃபிரான்சிஸ் கிரிக் என்ற இருவர் கொலாஜனுக்கு ஓர் அமைப்பை வெளியிட்டார்கள். டி.என்.ஏ. இரட்டைச் சுருளைக் கண்டவர்களில் ஒருவரான அதே கிரிக்தான். அவர்கள் சொன்னதும் மூன்று சங்கிலிக் கயிறுதான். ஆனால் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னைக் கட்டுரை கூறியிருந்தது. ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள் அவர்கள். சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன, அது நடக்காது என்றும் குறை கூறினார்கள். ஹைட்ரஜன் பிணைப்பு விஷயத்தில் பிற்காலச் சோதனைகள் அவர்கள் பக்கமே சாய்ந்தன. அதை மறைத்துவிட்டு நம்மவர் பெருமையை மட்டும் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று சங்கிலி என்ற அடிப்படை கிண்டியில் முதலில் பிறந்தது, அதுவும் மாறவில்லை. ஆயினும் வெகு காலம் பாடப் புத்தகங்களில் கேம்பிரிட்ஜ் பெயர்தான் முன்னால் நின்றது. இராமச்சந்திரனை இது மிகவும் வருத்தியது.

வருந்தியவர் என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டன என்கிறார்களே, அளவு என்பது எவ்வளவு என்று கேட்டார். ஒருவரும் அதை ஒழுங்காகத் தொகுத்து வைத்திருக்கவில்லை. அதுவரை உலகில் கண்டறியப்பட்டிருந்த படிக அமைப்புகளை அவரும் அவர் மாணவர்களும் புரட்டினார்கள். கரிமமும் கரிமமும் எவ்வளவு நெருங்கலாம், கரிமமும் ஆக்சிஜனும் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று ஒரு பட்டியல் கட்டினார்கள். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அணுக்கள் நெருங்கி வாழ்வது தெரியவந்தது. தம்மைக் காத்துக்கொள்ளத் தொடங்கிய அந்தப் பட்டியலிலிருந்துதான் இராமச்சந்திரன் படம் பிறந்தது.

படத்தை இயன்ற வரை எளிதாகச் சொல்கிறேன். புரதச் சங்கிலி என்பது தட்டையான சீட்டுகளை மூலைக்கு மூலை கோத்தது போன்றது. சீட்டு வளையாது, ஆனால் கோத்த மூலையில் திரும்பும். ஒவ்வொரு மூலையிலும் இருக்கும் கரிம அணுவைச் சுற்றி இரண்டு திருப்பங்கள்: முன் சீட்டு திரும்பும் கோணம் ஃபை, பின் சீட்டு திரும்பும் கோணம் சை. இரண்டும் 360 பாகை வரை திரும்பலாம். ஒரு சதுரம் வரைந்து, குறுக்கே ஃபை, நெடுக்கே சை என்று குறித்தால், சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் சங்கிலியின் ஒரு நிலை ஆகிறது. இப்போது ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று மோதுகிறதா என்று பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் பேருந்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கை இரண்டு, கால் இரண்டு, முழங்கை எந்தப் பக்கமும் மடங்கும். ஆனால் அந்த நெரிசலில் நிற்கக்கூடிய நிலைகள் மூன்றோ நான்கோதான். புரதச் சங்கிலிக்கும் அப்படித்தான். பெரும்பாலான அமினோ அமிலங்களுக்குச் சதுரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஆகாத இடம் என்று கணக்கு சொல்லிற்று. மிஞ்சியவை சில தீவுகள். பவுலிங் சொன்ன ஆல்பா சுருள் ஒரு தீவில் இருந்தது. பீட்டா அடுக்கும் கொலாஜனும் இன்னொரு தீவில் இருந்தன. கிளைசினுக்கு மட்டும் பக்கக் கிளை இல்லாததால் இடம் தாராளம். கையில் பை இல்லாமல் பேருந்தில் ஏறியவரைப் போல.

இந்தக் கணக்கையெல்லாம் மேசைமேல் வைத்துச் சுழற்றும் கணக்கு இயந்திரத்தில் போட்டார்கள். இப்போது நம் சட்டைப் பையில் இருக்கும் கைபேசி அவர்கள் கண்டிராத ஒன்று. கட்டுரை 1963-இல் ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி இதழில் வெளிவந்தது. 95-ஆம் பக்கம் முதல் 99-ஆம் பக்கம் வரை, ஐந்தே பக்கம். எழுதியவர்கள் மூவர்: ஜி.என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். (இந்த இராமகிருஷ்ணன் வேறு, சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் வேறு. கருத்தரங்கில் நானே இதில் தடுமாறினேன்.) அந்த நாளில் அணு அணுவாக அமைப்புத் தெரிந்த புரதம் என்று சொல்ல மயோகுளோபினைத் தவிர வேறு ஒன்று இருந்ததென்று சொல்வதே கடினம். அதாவது, ஊர்களைக் காணும் முன்பே ஊர் எங்கெங்கு இருக்கலாம் என்று கிண்டியிலிருந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். பிறகு லைசோசைம் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் வந்தன. எல்லாம் பெரும்பாலும் அந்தத் தீவுகளிலேயே வந்து குடியேறின. இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. புதிதாக ஓர் அமைப்பைக் கொடுத்தால், அதன் எத்தனை புள்ளிகள் இராமச்சந்திரன் படத்தில் ஆகாத இடத்தில் விழுகின்றன என்று முதலிலேயே சோதிக்கிறார்கள். நிறைய விழுந்தால் கட்டமைத்தவர் எங்கோ தவறு செய்துவிட்டார் என்று பொருள். புரதத்தின் வடிவத்தைக் கணிப்பொறி கொண்டே முன்கூட்டிச் சொல்லும் பணிக்கு 2024-இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தக் கணிப்பொறி சொல்லும் வடிவத்தையும் இதே சதுரத்தில் இட்டுப் பார்க்கிறார்கள்.

சரி, மேற்கோள் எத்தனை? அதுதானே எனக்கு இட்ட வேலை. துறைக் கணிப்பொறியில் உட்கார்ந்து எண்ணினேன். ஐந்து பக்கக் கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் வந்தது. 1968-இல் சசிசேகரனோடு எழுதிய நீண்ட கட்டுரைக்கும் ஆயிரக்கணக்கில் வந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்துவிடலாம். அப்போது வேறொன்றைத் தற்செயலாகக் கவனித்தேன். புரதம் பற்றிய கட்டுரை ஒன்றைத் திறந்தேன். நடுவில் இராமச்சந்திரன் படம் இருந்தது, கடைசிப் பக்கத்தில் இராமச்சந்திரன் பெயர் இல்லை. அடுத்ததைத் திறந்தேன், அதிலும் இல்லை. பத்துக் கட்டுரை பார்த்தேன். ஒன்றிரண்டில்தான் 1963 என்ற ஆண்டே இருந்தது. மொய் எழுதாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் பேராசிரியர் கோபப்படவில்லை. நீ ஆய்வகத்தில் புன்சன் அடுப்பைப் பற்றவைக்கும்போது புன்சனுக்குக் கடிதம் எழுதுகிறாயா என்று கேட்டார். இராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியல் அறிஞர் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறாராம். ஒரு கண்டுபிடிப்பு எல்லாருடைய அறிவிலும் கலந்துவிட்டால் கண்டுபிடித்தவரின் கட்டுரை அதற்குள்ளேயே கரைந்து மறைந்துவிடும். அப்போது மேற்கோள் எண் ஏறாமல் நிற்கும். சுமாரான கட்டுரைகளுக்குத்தான் ஒழுங்காக மொய் எழுதப்படும் போலிருக்கிறது! எனக்கு இதில் இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. இராமச்சந்திரன் பெயராவது படத்தின்மேல் நிற்கிறது. இயந்திரத்தைச் சுழற்றிய இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் அந்தப் பெயரிலும் இல்லை, பல கட்டுரைகளின் கடைசிப் பக்கத்திலும் இல்லை. மூன்று புரியில் ஒரு புரிக்கு மட்டும் பெயர்.

கருத்தரங்கு அதோடு முடிந்திருக்கும். அவருடைய மற்றக் கட்டுரைகளின் தலைப்புகளை இறக்கிக்கொண்டிருந்தபோது 1971-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. எழுதியவர்கள் இராமச்சந்திரனும் ஏ.வி. இலட்சுமிநாராயணனும். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களைக் கொண்டு உள்ளே இருப்பதன் முப்பரிமாண உருவத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்பது பொருள். இங்கே என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் தந்தை அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் வேலை பார்த்தவர். நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது, லாரியின் மேல் நின்று தார்ப்பாய் கட்டுகையில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். வெளியில் காயம் பெரிதாக இல்லை. எழுந்து தேநீர் கூடக் குடித்தாராம். இரவில் வாந்தி, பிறகு நினைவு தப்பிற்று. திருச்சிக்குக் கொண்டுபோய்த் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்குக் கீழே இரத்தம் உறைந்திருப்பதும், அது எந்த இடம் என்பதும் அந்தப் படத்தில் தெரிந்தன. அந்த இடத்தில் திறந்து எடுத்தார்கள். அப்பா பிழைத்தார். வலக்கைப் பிடி மட்டும் தளர்ந்துவிட்டது. இப்போது ஆடு மேய்க்கிறார். கறுப்புப் படத்தாளை ஒரு பெரிய உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அதை இன்றும் குடும்ப அட்டையோடு டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம் ஒரு நிழல். எலும்பு, மூளை, இரத்தம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஸ்கேன் கருவி தலையைச் சுற்றிவந்து நூற்றுக்கணக்கான நிழல்களை எடுக்கிறது. அந்த நிழல்களிலிருந்து, குறுக்கே அறுத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அந்த உருவத்தைக் கணக்கினால்தான் மீட்க வேண்டும். ஃபூரியர் மாற்றங்கள் வழியாக முன்னும் பின்னும் போய்வருவது ஒரு முறை; வெகு நேரம் பிடிக்கும். இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் அந்தச் சுற்றுவழியை விட்டார்கள். ஒவ்வொரு நிழலிலும் ஒவ்வோர் இடத்தின் அளவையும் அக்கம்பக்கத்து அளவுகளோடு குறித்த சில எடைகளால் பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும், பிறகு அந்தந்தக் கோணத்தில் திரும்பப் பரப்பி ஒன்றன்மேல் ஒன்று சேர்க்க வேண்டும், உருவம் எழுந்துவிடும். ரேடியோ வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-இலேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தார்கள். ஸ்கேன் கருவியைச் செய்தவர் இராமச்சந்திரன் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள், அது சரியன்று. செய்தவர் இங்கிலாந்தின் ஹவுன்ஸ்ஃபீல்ட். அவருடைய முதல் கருவி வேறு கணக்கில் ஓடிற்று. அவரும் கோர்மாக் என்பவரும் 1979-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் அதன்பின் வந்த கருவிகள் பெங்களூரில் சொன்ன வகைக் கணக்குக்கு மாறின. இப்போது வேறு புதிய முறைகளும் சேர்ந்துவிட்டன. இன்றும் அந்த எடைகளின் பட்டியலுக்குக் கணிப்பொறி மென்பொருள்களில் ராம்-லாக் வடிகட்டி என்று பெயர். இராமச்சந்திரனில் பாதி, இலட்சுமிநாராயணனில் பாதி. இதையாவது இருவருக்கும் பங்கிட்டார்கள். ஆனால் ஸ்கேன் அறையில் பொத்தானை அழுத்துகிறவருக்கு ராம் யார், லாக் யார் என்று தெரிய வழியில்லை. அங்கே மேற்கோள் காட்டக் கடைசிப் பக்கமும் இல்லை.

மீதியைச் சொல்லி முடிக்கிறேன். 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த முதலியார் 1969-இல் பதவியை விட்டார். மறு ஆண்டே இராமச்சந்திரனும் சென்னையை விட்டார். சிறிது காலம் சிகாகோவில் இருந்துவிட்டு, பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியலுக்கு ஒரு துறையைத் தோற்றுவித்தார். பட்நாகர் பரிசு 1961-இல், இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினர் பதவி 1977-இல், படிகவியலின் உயரிய எவால்ட் பரிசு 1999-இல் வந்தன. நோபெல் பரிசு வரவில்லை. கடைசிக் காலத்தில் தருக்க நூலைக் கணித அணிகளால் எழுதிப் பார்க்கும் முயற்சியில் ஆழ்ந்திருந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேற்கோள் எண்ணைப் பார்த்தால் அவருடைய கட்டுரைகளில் ஏழ்மையானவை அவையே. 1998-இல் மனைவி இராஜலட்சுமி காலமானார். பார்க்கின்சன் நோய் அவரை முடக்கிற்று. 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அந்த ஆண்டு சனவரியில்தான் அரியலூர் முதன்முறையாகத் தனி மாவட்டம் ஆகியிருந்தது. நான் அப்போது பிறக்கவில்லை.

கருத்தரங்கில் மேற்கோள் எண் என்ற கட்டத்தில் கணிப்பொறி சொன்ன எண்ணையே எழுதினேன். எண்ணிய தேதியைப் பக்கத்தில் குறித்தேன். அதற்குக் கீழே, பெயர் குறிக்காமல் படத்தைப் பயன்படுத்தியவை என்று ஒரு கட்டம் போட்டு அதை வெறுமையாக விட்டேன். அதற்கு மதிப்பெண் குறைத்தார்களா கூட்டினார்களா என்று இன்னும் தெரியவில்லை.

பொங்கல் விடுமுறையில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து அந்த உறையை எடுத்து, படத்தாளை வாசல் வெயிலில் பிடித்து, அப்பாவுக்கு விவரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த ஐயா எந்த ஊர் என்றார். திருச்சியில் படித்தவர் என்றேன். இருக்கிறாரா என்றார். இல்லை என்றேன். இடக்கையால் படத்தாளை வாங்கி, கொஞ்ச நேரம் அவரே வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மடங்காமல் உறைக்குள் போட்டு அம்மாவிடம் கொடுத்தார்.